மூன்று கணவாயா, நான்கா? நண்பர்களோடு ஒரே நாளில் சுவிஸ் மலைச்சுற்று

கோடை தொடங்கினால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும்: "ஒரு நாள்தான் இருக்கிறது. நாலைந்து பேர், ஒரு கார். ஃபூர்கா பக்கம் போகலாமா, கொத்தார்ட் பக்கமா, இல்லை எல்லாக் கணவாயையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமா?" கேட்பவர் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை கணவாய் தேறும் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

நானும் முதல் தடவை அப்படித்தான் எண்ணினேன். நான்கு கணவாய், ஓட்டியது முழுக்க நான். அந்த நாளில் எனக்கு நன்றாக நினைவிருப்பது முன்னால் போன ஒரு கேம்பர் வேனின் பின்பக்கம். அதில் ஒரு சிவப்பு சைக்கிளும் பக்கத்தில் ஒரு குழந்தை சைக்கிளும் கட்டியிருந்தன; குழந்தை சைக்கிளின் மிதிகட்டை ஒவ்வொரு வளைவிலும் அரைச் சுற்று சுற்றியது. பனியாறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் தெரியாது. பின் இருக்கை நண்பரைக் கேட்டும் பயனில்லை, அவர் கண்ணை இறுக மூடி வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இந்தச் சாலைகளில் பல தடவை போய்விட்டேன். இப்போது யாராவது கேட்டால் கணவாய்க் கணக்கை விட்டுவிட்டு, வண்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஓட்டுகிறவர் எத்தனை பேர். இதுதான் தலையாய கேள்வி. கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுபவரின் கண் தாரை விட்டு நகரக் கூடாது. ஒருவரே ஓட்டினால், பயணத்துக்கு மெனக்கெட்டவரே எதையும் பார்க்காமல் வீடு திரும்புவார். வாடகைக் காரில் இரண்டாவது ஓட்டுநரின் பெயரைச் சேர்க்கப் பல இடங்களில் நாளுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார்கள். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

பின் இருக்கை. உட்காதுக்கு உடம்பு திரும்புவது தெரிகிறது, கண்ணுக்கோ முன் இருக்கையின் முதுகுதான் தெரிகிறது. இந்த முரண்தான் குமட்டல். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பவருக்கு இன்னும் சீக்கிரம் வரும். ஒருவருக்கு இந்தத் தொல்லை உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தால் முன் இருக்கை அவருக்குத்தான், விவாதமே வேண்டாம். நடு இருக்கையில் ஐந்தாவது ஆளையும் திணித்தால், மூன்றாவது கணவாய்க்குள் யாராவது ஒருவர் நிறுத்தச் சொல்வது கிட்டத்தட்ட உறுதி.

நிஜமான நேரம். வரைபடம் சொல்லும் நேரத்தை நான் இரண்டால் பெருக்கி, மேலே ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வேன். படம் எடுக்க நிற்பது, சைக்கிள்காரர்களுக்குப் பின்னால் ஊர்வது, கழிவறை வரிசை எல்லாம் அதில் அடங்கும்.

வானிலை கெட்டால் தப்பிக்கும் வழி. இதை யாருமே கேட்பதில்லை. மலையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரலாம், ஜூனிலோ செப்டம்பரிலோ பனியே விழலாம். நடுவழியில் சாலையை மூடிவிட்டால் எந்தப் பக்கமாகத் திரும்பி வருவது என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவு. இந்தக் கணவாய்களில் சுங்கம் கிடையாது. நெடுஞ்சாலை வழியாக மலையடிவாரம் சேர ஆண்டுக்கு 40 பிராங்க் விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு) வேண்டும், அவ்வளவுதான். மறைந்திருக்கும் செலவு அபராதம். ஊருக்கு வெளியே வரம்பு மணிக்கு 80 கி.மீ.; அதற்கு மேல் 11 முதல் 15 வரை கூடினால் 160 பிராங்க், 16 முதல் 20 வரை என்றால் 240. வளைவெல்லாம் முடிந்து நேர்ச்சாலை வந்ததும் கால் தானாக அழுத்தும், அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

## சுற்று 1: சூஸ்டன், கிரிம்சல், ஃபூர்கா

ஆண்டர்மாட்டில் தொடங்கி வாஸன், சூஸ்டன் (2,224 மீ.), இன்னெர்ட்கிர்ஹென், கிரிம்சல் (2,164 மீ.), க்ளெட்ச், ஃபூர்கா (2,429 மீ.) வழியாக மறுபடி ஆண்டர்மாட். மொத்தம் சுமார் 120 கி.மீ. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

காரணம், மூன்று சாலைகளும் மூன்று குணம். சூஸ்டன் 1938இல் வேலை தொடங்கி 1946இல் திறந்தது. மற்றவை குதிரை வண்டிக் காலத்தில் போட்டுப் பிறகு அகலப்படுத்தியவை; சூஸ்டனை முதலிலிருந்தே மோட்டார் வண்டிக்காகவே வகுத்தார்கள். சாலை அகலம், ஏற்றம் சீராக இருக்கும், வளைவுகள் தாராளம். மலையில் ஓட்டிப் பழகாதவருக்குக் கை நடுக்கம் தெளிய இதைவிட நல்ல இடம் கிடையாது. உச்சியில் சின்னச் சுரங்கம் ஒன்றைத் தாண்டி மேற்குப் பக்கம் வெளியே வந்தால் ஸ்டைன் பனியாறு எதிரே நிற்கும். கிரிம்சலில் வழவழத்த கருங்கல் பாறைகளும் அணைக்கட்டு ஏரிகளும். பனியாறு அரைத்த பாறை மாவு கலந்திருப்பதால் தண்ணீருக்குச் சாம்பல் பூத்த பச்சை நிறம். ஃபூர்கா பழைய சாலை. கிழக்கு இறக்கத்தில் சில இடங்கள் குறுகல், விளிம்பில் தடுப்பும் பேருக்குத்தான்.

இந்தச் சுற்றில் பிரேக்குக்குத்தான் நிஜமான சோதனை. சூஸ்டன் உச்சியிலிருந்து 625 மீட்டர் உயரத்தில் இருக்கும் இன்னெர்ட்கிர்ஹென்வரை ஒரே இறக்கம், செங்குத்தாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,600 மீட்டர். ஐந்து பேரோடு 1,900 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியிடும் ஆற்றல் கிட்டத்தட்ட 30 மெகாஜூல். சாதாரணத் தண்ணீரை 80 லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்குவதா, பிரேக் வட்டு தாங்குவதா என்பது உங்கள் கியரைப் பொறுத்தது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் ஏறக்குறைய அதே கியர். ஆட்டோமேட்டிக் வண்டியில் கையால் கியர் குறைக்கும் வசதியை வீட்டுத் தெருவிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி ஆற விட வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது. மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு, ஏறியதில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பி வரும். ஆனால் மேலேயே முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் பேட்டரியில் வாங்க இடம் இருக்காது, வேலை மறுபடி பிரேக்குக்கே போகும்.

எந்தத் திசையில் சுற்றுவது? இதற்கு நான் இரண்டு பதில் வைத்திருக்கிறேன். காட்சி முக்கியம் என்றால் சூஸ்டனில் தொடங்குங்கள். கிரிம்சலிலிருந்து க்ளெட்ச்சுக்கு இறங்கும்போது எதிர் மலையில் ஃபூர்கா சாலை மடிப்பு மடிப்பாக ஏறுவது முழுசாகத் தெரியும், 'அடுத்து அங்கேதான் போகிறோமா!' என்று வண்டிக்குள் ஒரு சத்தம் கிளம்பும். வண்டியில் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர் இருந்தால் ஃபூர்காவில் தொடங்குங்கள். கிழக்கு அடிவாரத்து ஊரான ரேயால்ப் பக்கத்திலிருந்து மேற்கே ஏறும்போது உங்கள் வண்டி மலையை ஒட்டிய பாதியில் போகும். மாலையில் எதிர்த்திசையில் இறங்கினால் வலது இருக்கைக்காரருக்கு ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்குதான். இரண்டில் எதுவானாலும் ஆண்டர்மாட் பக்கம், அதாவது கிழக்கே, தொடங்குவது நல்லது: காலையில் மேற்கே போவீர்கள், மாலையில் கிழக்கே திரும்புவீர்கள், வெயில் எப்போதும் முதுகுப் பக்கம். மேற்கே மைரிங்கன் ஊர்ப் பக்கமிருந்து தொடங்குகிறவர்கள் இரண்டு வேளையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவார்கள்.

பலவீனம் ஒன்று உண்டு. இன்னெர்ட்கிர்ஹென்னில் இருக்கும்போது மேலே மூடிவிட்டால், ப்ரூனிக் கணவாய் வழியாக லூசெர்ன் போய்ப் பெருஞ்சுற்றுச் சுற்றித்தான் ஆண்டர்மாட் வர முடியும். அன்றைக்கு இரவுச் சாப்பாடு எங்கே என்பதை மறந்துவிடலாம்.

## சுற்று 2: கொத்தார்ட், நுஃபெனன், ஃபூர்கா

ஆண்டர்மாட்டிலிருந்து தெற்கே கொத்தார்ட் (2,106 மீ.), கீழே ஐரோலோ, பிறகு நுஃபெனன் (2,478 மீ.), உல்ரிஹென், க்ளெட்ச், ஃபூர்கா. தூரம் 100 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். மூன்றில் இதுதான் சின்னது. நிஜமான தப்பிக்கும் வழிகள் இரண்டு இதில் உண்டு. ஐரோலோவில் வானம் கறுத்தால் 1980இல் திறந்த 16.9 கி.மீ. கொத்தார்ட் சுரங்கச்சாலை வழியாக வடக்கே வந்துவிடலாம். உல்ரிஹென் பக்கம் மாட்டிக்கொண்டால் ஓபர்வால்டில் காரை ரயிலில் ஏற்றி, 15.4 கி.மீ. ஃபூர்கா அடிச்சுரங்கத்தில் உட்கார்ந்தபடியே ரேயால்ப் சேரலாம். வானிலை அறிக்கை இரண்டுங்கெட்டானாக இருக்கும் நாளில் நான் யோசிக்காமல் இந்தச் சுற்றைத்தான் எடுப்பேன்.

கொத்தார்ட்டின் பெருமை ட்ரெமோலா. புதுச் சாலைக்குப் பக்கத்திலேயே, ஐரோலோ பக்கம் இறங்கும் பழைய சாலை அது. 24 வளைவுகள், தாருக்குப் பதில் கருங்கல் பாவிய தரை. மேலே நின்று பார்த்தால் யாரோ நாடாவைச் சுருள் சுருளாகப் போட்டுவைத்ததுபோல் இருக்கும். ஓட்டும்போது ஸ்டீயரிங் உள்ளங்கையில் விடாமல் கிறுகிறுக்கும், பேச்சுக்குரலே அதிரும். காய்ந்த நாளில் அருமை. மழை நாளில் அந்தக் கல் வழுக்கும், புதுச் சாலையிலேயே இறங்கிவிடுங்கள். சைக்கிள்காரர்களுக்கு அது புனித இடம், ஹாரனை மறந்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் பொறுமையாகப் போக வேண்டும்.

நுஃபெனன் சாலை 1969இல்தான் திறந்தது. முழுக்க சுவிஸ் எல்லைக்குள் கிடக்கும் தார்ச்சாலைக் கணவாய்களில் உயரமானது இது. ஃபூர்கா அளவு கூட்டம் இராது, ஆனால் ஏற்றம் கடுமை. டர்போ இல்லாத சின்ன எஞ்சின், ஐந்து பேர் என்றால் இரண்டாம் கியரில் முனகும். காற்று மெலிய மெலிய, ஆயிரம் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். முந்திச் செல்லும் ஆசையை இங்கே விட்டுவிடுவது நல்லது.

எனக்கு இந்தச் சுற்றில் பிடித்தது வேறு ஒன்று. ஆண்டர்மாட்டில் ஓடும் ராய்ஸ் ஆற்றுத் தண்ணீர் ரைனில் கலந்து வடகடலுக்குப் போகிறது. ஐரோலோவில் ஓடும் டிசினோ, போ ஆற்றோடு சேர்ந்து அட்ரியாட்டிக்குக்கு. க்ளெட்ச்சில் ரோன், மத்தியதரைக்கடலுக்கு. நூறு கி.மீ.க்குள் மூன்று கடல்களின் தண்ணீரைக் கடக்கிறீர்கள். நடுவில் ஊர்ப்பலகைகள் ஜெர்மனிலிருந்து இத்தாலிக்கு மாறி மறுபடி ஜெர்மனுக்குத் திரும்பும்.

குறை என்ன? ஜூலை, ஆகஸ்டு சனிக்கிழமைகள். தெற்கே விடுமுறைக்குப் போகிற ஐரோப்பா பாதி கொத்தார்ட் சுரங்க வாயிலில் நிற்கும். பொறுமை இழந்தவர்கள் கணவாய்ச் சாலைக்கு ஏறிவிடுவார்கள். தப்பிக்கும் வழி என்று மேலே சொன்ன சுரங்கமும் அன்றைக்கு ஒரு மணி நேர வரிசையாக இருக்கலாம். வார நாளில் போக முடிந்தால் மட்டுமே இந்தச் சுற்று முழு இன்பம்.

## சுற்று 3: நான்கும்

சூஸ்டன், கிரிம்சல், நுஃபெனன், கொத்தார்ட். சுமார் 160 கி.மீ. கேட்க நன்றாக இருக்கிறது. ஃபூர்கா இதில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நான்கு என்று சொல்லிக்கொள்வதற்காக, பழைய சாலைகளில் அழகானதை விட்டுவிடுகிறோம்.

இதற்குக் காலை ஏழுக்கெல்லாம் மலையடிவாரத்தில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர் ஓட்ட வேண்டும், யாருக்கும் குமட்டல் கூடாது. ஜூன் கடைசி முதல் ஆகஸ்டு வரையிலான நீண்ட பகல்தான் சரிப்படும். கடைசி இறக்கத்தை இருட்டில் களைப்போடு இறங்குவது எனக்குப் பிடிக்காத ஒன்று, ஒரு தடவை செய்தது போதும். முந்தைய சுற்றுகளை ஏற்கெனவே பார்த்தவர்கள், ஓட்டுவதையே விளையாட்டாக நினைப்பவர்கள், தாராளமாகப் போங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம்.

## ஒருவருமே ஓட்டாமல்

மஞ்சள் தபால் பேருந்து கோடையில் இந்தக் கணவாய்களில் ஓடுகிறது. நான்கு கணவாய்ச் சுற்றுலாவும் அதில் உண்டு, இருக்கை முன்பதிவு செய்ய வேண்டும். நண்பர்களில் ஒருவருக்குத்தான் ஓட்டத் தெரியும் என்றால், அவரைப் பலி கொடுக்காமல் எல்லோருமாகப் பேருந்தில் ஏறுவது மரியாதை. ஆளுக்கு ஒரு டிக்கெட் என்பதால் நாலு பேருக்கு பெட்ரோல் செலவைவிடக் கூடத்தான் ஆகும். அது நிற்கும் இடத்தில்தான் நீங்களும் நிற்க முடியும், கிளம்பும் நேரம் அதன் கையில். ஆனால் உயரமான ஜன்னல், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், மதியம் ஒரு கிளாஸ் வைன் குடித்தாலும் கேள்வி இல்லை.

காரில் போகிறவர்களும் இந்தப் பேருந்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருந்தால் அது மலைத் தபால் சாலை. அங்கே பேருந்துக்கே முன்னுரிமை. அதன் ஓட்டுநர் நில் என்றாலும் பின்னால் போ என்றாலும் கேட்டாக வேண்டும். வளைவுக்கு முன்னால் மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் ஒலிக்கும். அது கேட்டதும் வளைவுக்கு இந்தப் பக்கமே ஓரங்கட்டி நில்லுங்கள், வளைந்து திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும். மற்ற வண்டிகளோடு குறுகலில் முட்டிக்கொண்டால், பொதுவாக இறங்குகிறவர் நிற்க வேண்டும், ஏறுகிறவருக்கு வழி. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், 2014 முதல் அது கட்டாயம்.

## ஒரே பார்வையில்

நேரம் என் கணக்கு, நிற்பதையும் சாப்பிடுவதையும் சேர்த்து.

| | சுற்று 1 | சுற்று 2 | சுற்று 3 | பேருந்து |
|---|---|---|---|---|
| தூரம் | 120 கி.மீ. | 100க்குச் சற்று மேல் | 160 கி.மீ. | சுற்றைப் பொறுத்து |
| உச்சம் | 2,429 மீ. | 2,478 மீ. | 2,478 மீ. | அதேதான் |
| ஆகும் நேரம் | 7 மணி | 6 மணி | 10 மணி | முழு நாள் |
| ஓட்டுநர் | ஒருவர் போதும், இருவர் நல்லது | ஒருவர் போதும் | இருவர் கட்டாயம் | யாரும் வேண்டாம் |
| வானிலை கெட்டால் | சிரமம் | சுரங்கம், கார் ரயில் | பாதிக்கு மேல் வந்தால் உண்டு | அவர்கள் பொறுப்பு |
| மறைந்த செலவு | பிரேக் | சனிக்கிழமை நெரிசல் | மறுநாள் களைப்பு | நேரக் கட்டுப்பாடு |
| யாருக்கு | முதல் தடவை | மேகமூட்ட நாள், வார நாள் | பழகியவர்கள் | ஒரே ஓட்டுநர் உள்ள குழு |

ஸ்டெல்வியோவை ஏன் சேர்க்கவில்லை என்று யாராவது கேட்பீர்கள். 2,757 மீட்டர், ஒரே பக்கத்தில் எண் போட்ட 48 வளைவுகள், எனக்கும் ஆசைதான். ஆனால் அது இத்தாலி எல்லையில் கிடக்கிறது. சூரிச்சிலிருந்து போய்ச் சேரவே அரை நாள், திரும்பி வர அரை நாள். ஓர் இரவு தங்க முடிந்தால் போங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

## எதில் போனாலும்

இந்தக் கணவாய்கள் பொதுவாக மே கடைசியிலோ ஜூனிலோ திறந்து அக்டோபர், நவம்பரில் மூடும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அடிவாரத்துச் சாலைப் பலகையில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று போட்டிருப்பார்கள், ஆனால் அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், முந்தின இரவே இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் குறையும். இன்னெர்ட்கிர்ஹென்னில் 28 டிகிரி வெயிலில் டீ-சர்ட்டோடு நின்றவர் ஃபூர்காவில் 16 டிகிரியில் காற்றோடு நடுங்குவார். ஜாக்கெட் டிக்கியில் பைகளுக்கு அடியில் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் க்ளெட்ச். மூன்று கார்ச் சுற்றுகளும் இந்த இடத்தைத் தொடும். ஃபூர்கா, கிரிம்சல், ஓபர்வால்ட் மூன்று பக்கச் சாலைகளும் இங்கேதான் சேருகின்றன, அதனால் காலையில் போட்ட திட்டத்தை மாற்ற இதைவிட வசதியான இடம் இல்லை. நாங்கள் இங்கே கட்டாயம் கால் மணி நேரம் நிற்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோன் பனியாறு இந்தப் பள்ளத்தாக்குத் தரைவரை வந்து கிடந்தது. பனிக்குப் பக்கத்தில் தங்கலாம் என்றுதான் மேலே ஃபூர்கா வளைவில் 1882இல் பெல்வெடேர் விடுதியைக் கட்டினார்கள். இன்றைக்கு விடுதி பூட்டிக் கிடக்கிறது, பனி அதைவிட மேலே ஒதுங்கிவிட்டது. கீழே இருப்பது உருட்டுக் கற்களும், இரண்டே தாவலில் தாண்டிவிடலாம் போலத் தெரியும் ரோனும்தான்.

ஒருவர் மேகத்தைப் பார்ப்பார், ஒருவர் பிரேக்கை மோந்து பார்ப்பார், இன்னொருவர் பின் இருக்கைக்காரரிடம் "உண்மையைச் சொல், முடியுமா?" என்று கேட்பார். அவர் தலையாட்டும் விதத்தைப் பொறுத்து ஃபூர்கா ஏறுவோம், இல்லாவிட்டால் ஓபர்வால்டில் கார் ரயில். அதுவரை ஓட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் இருக்கைக்குப் போய்விடுவார்.